சைலன்சரில் ஓட்டை: ஒரு தகர டப்பா வைத்தியத்தின் வரலாறு

காரில் எது பழுதானாலும் முதலில் தெரிவது அதை ஓட்டுபவருக்குத்தான். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது என்றால் வெளியே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. புகைக்குழாய் மட்டும் விதிவிலக்கு. அதில் ஓட்டை விழுந்தால் அடுத்த தெருவில் தூங்குகிறவருக்குக் கூடத் தெரிந்துவிடும்! வண்டிக்காரர் கூச்சத்தோடு மெக்கானிக்கைத் தேடிப் போவார். மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டதும் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு தகர டப்பாவைத் தேடுவார்.

இது அமெரிக்காவில் பல தலைமுறைகளாக நடந்து வரும் கதை. கையில் காசில்லாதவர்கள் புகைக்குழாய்க்குச் செய்துகொண்ட இந்த வீட்டு வைத்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் கண்டுபிடிப்பாளர்கள் வருகிறார்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவியவர்கள் வருகிறார்கள். 'ஆயுளுக்கும் உத்தரவாதம்' என்று போர்டு மாட்டிய கடைகள் வருகின்றன. கூடவே, நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும் ஒரு வாயுவும் வருகிறது. இந்தக் கதையில் முக்கியமான பாத்திரம் அந்த வாயுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் கடைசியாகக் கவனித்தது அதைத்தான்.

சத்தத்தை அடக்கிய சகோதரர்கள்

இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்து முடிந்ததும் ஒரு வால்வு திறக்கிறது. உள்ளே அழுத்தத்தோடு அடைந்து கிடந்த சூடான வாயு ஒரே பாய்ச்சலாக வெளியேறுகிறது. 'டப் டப்' என்று கேட்பது இந்தப் பாய்ச்சலின் சத்தம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடந்தால் எப்படி இருக்கும்? ஆரம்ப காலக் கார்கள் அப்படித்தான் இருந்தன. சாலையில் போன குதிரைகள் மிரண்டு ஓடின.

இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்றொரு ஊர். அங்கே மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். இஞ்சின் புகையின் சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளர் ஒன்றுக்கு 1897ல் இவர்கள் காப்புரிமை பெற்றார்கள். விஷயம் எளிமையானது. வாயுவை நேராக வெளியே விடாமல் ஒரு பெட்டிக்குள் விட்டு, விரிய வைத்து, வேகத்தைக் குறைத்து, பிறகு வெளியே அனுப்புவது. மில்டன் ரீவ்ஸ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. 1911ல் எட்டுச் சக்கரம் வைத்த ஒரு காரைச் செய்து காட்டினார்! அந்தக் கார் விலைபோகவில்லை. மஃப்ளர் மட்டும் உலகம் முழுவதும் போய்விட்டது.

இன்னொருவர் ஹைரம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் 'சைலன்சர்' கருவிக்கு 1909ல் காப்புரிமை பெற்றவர் இவர்தான். அப்பா துப்பாக்கியை ஓயாமல் பேச வைத்தார், பிள்ளை அதன் வாயை மூடினார்! துப்பாக்கிக்கும் இஞ்சினுக்கும் தத்துவம் ஒன்றுதான் என்பதால் அவருடைய நிறுவனம் பிற்பாடு இஞ்சின்களுக்கான சைலன்சர்களையும் செய்தது. அமெரிக்கர்கள் கார் பாகத்தை மஃப்ளர் என்கிறார்கள். ஆங்கிலேயர் சைலன்சர் என்கிறார்கள். தமிழ்நாட்டு மெக்கானிக் ஷெட்டுகளில் நிலைத்தது ஆங்கிலேயரின் சொல்.

அந்தக் காலக் கார்கள் பலவற்றில் 'கட்-அவுட்' என்றொரு வசதி இருந்தது. (சினிமா தியேட்டர் கட்-அவுட் இல்லை!) ஓட்டுபவர் காலால் ஒரு மிதியை அழுத்தினால் குழாயில் ஒரு கதவு திறந்துகொள்ளும். புகை சைலன்சருக்குப் போகாமல் நேராக வெளியேறிவிடும். மேட்டில் ஏறும்போது கொஞ்சம் கூடுதல் சக்தி கிடைக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஊரை எழுப்புவதில் இருந்த சந்தோஷமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். தொல்லை தாங்காமல் பல நகரங்கள் இதற்குத் தடை போட்டன.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆரம்பத்திலிருந்தே புகைக்குழாய் என்றால் சத்தம் பற்றிய விஷயம் என்றே மக்கள் நினைத்தார்கள். சட்டமும் சத்தத்தைத்தான் கேட்டது. ஓட்டையை அடைத்தவர்களும் சத்தம் நின்றால் போதும் என்று நினைத்தார்கள். பின்னால் நடந்த பல விபத்துகளுக்கு இந்த நினைப்பே காரணம்.

குழாய் ஏன் ஓட்டையாகிறது?

இரும்புக் குழாய் அத்தனை சூட்டில் இருந்தும் எப்படித் துருப்பிடிக்கிறது? சூடு இருந்தால் காய்ந்துதானே கிடக்க வேண்டும்?

பெட்ரோல் எரியும்போது புகை மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குளிர்ந்த காலையில் காரைக் கிளப்பினால் குழாயின் வாயில் சொட்டுச் சொட்டாக வடிவது இதுதான். இஞ்சினுக்குப் பக்கத்தில் குழாய் பல நூறு டிகிரி சூட்டில் இருப்பதால் அங்கே ஆவி ஆவியாகவே போய்விடும். பின்னால் போகப் போகக் குழாய் குளிர்ச்சி. கடைசியில் இருக்கும் சைலன்சர் பெட்டியில் ஆவி தண்ணீராகித் தேங்கும். பெட்ரோலில் இருக்கும் கந்தகம் எரிந்து அந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம் ஆகிவிடும்.

தினமும் 100 கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடாகி உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய் வருகிற வண்டியில் ஈரம் காயவே காயாது. ஆகவே குறைவாக ஓடிய காரின் சைலன்சர் சீக்கிரம் ஓட்டையாகும்!

1920களில் இன்னொரு சங்கடம் சேர்ந்தது. பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் இஞ்சின் தட்டாமல் ஓடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921ல் கண்டுபிடித்தார். 1923ல் அது விற்பனைக்கு வந்தது. ஈயம் இஞ்சினுக்குள்ளேயே படிந்துவிடாமல் இருக்க புரோமின், குளோரின் சேர்மங்களையும் கூடவே கலந்தார்கள். அவையும் எரிந்து அமிலமாகிப் புகைக்குழாயைத் தின்றன. அன்றைய குழாய்களோ சாதாரண இரும்புத் தகடு. வெளியிலிருந்து சேறும் மழையும், உள்ளேயிருந்து அமிலமும் அரித்தால் எத்தனை நாள் தாங்கும்?

டப்பாவும் கம்பியும்

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி 1908ல் வந்தது. 1927ல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன. விவசாயிகளும் தொழிலாளர்களும் முதல் முறையாகக் கார் வாங்கினார்கள். கார் வாங்குவதற்குப் பணம் சேர்த்தவர்களிடம் பழுது பார்க்கப் பணம் இருக்கவில்லை. கையில் இருந்ததை வைத்துச் சரிசெய்யும் பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. 1929ல் பொருளாதாரச் சரிவு வந்ததும் அந்தப் பழக்கம் கட்டாயமாகிவிட்டது. ஜான் ஸ்டெய்ன்பெக் 1939ல் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில், நிலத்தை இழந்து கலிஃபோர்னியாவுக்குப் போகிற குடும்பம் சாலையோரத்தில் தாங்களே கார் இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வதைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் அது அதிசயமான காட்சி இல்லை.

அடுத்து வந்தது உலகப்போர். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி அடியோடு நின்றது. போர் முடியும் வரை புதுக்கார் கிடையாது. டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன். வேகம் மணிக்கு 35 மைலுக்கு (சுமார் 56 கிலோமீட்டர்) மேல் போகக்கூடாது. இருக்கிற காரை எப்படியாவது ஓட்டியே தீர வேண்டும்.

அந்தத் தலைமுறையிடமிருந்து வழிவழியாக வந்த வைத்தியம் இது:

முதலில் குழாய் நன்றாக ஆற வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, அதை மட்டும் நம்பி அடியில் படுக்காமல், உறுதியான தாங்கிகள் மேல் நிறுத்த வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஓட்டையைச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டும் இடமெல்லாம் உள்ளே போனால் வைத்தியம் பலிக்காது, குழாயின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். சுற்றிலும் கெட்டியாக இருந்தால் ஒரு சூப் டப்பாவை எடுத்து, மேல்மூடியையும் அடிப்பாகத்தையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்தால் ஒரு தகடு கிடைக்கும். ஓட்டையைச் சுற்றி அடுப்புச் சிமெண்ட்டையோ சைலன்சர் பட்டியையோ பூசி, அதன்மேல் தகட்டைக் குழாயோடு வளைத்துச் சுற்றி, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். பிறகு திறந்தவெளியில் இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சூட்டில் பூச்சு இறுகிவிடும்.

குழாய் இரண்டாகவே உடைந்திருந்தால் இரு முனைகளையும் உள்ளே வாங்குகிற அளவுக்குப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, யூ வடிவக் கிளாம்புகளால் இறுக்குவார்கள். குழாயைத் தொங்கவிடும் பிடி அறுந்திருந்தால் துணி மாட்டும் கம்பி ஹேங்கர் போதும்! நாளாவட்டத்தில் கடைகளில் 'சைலன்சர் பேண்டேஜ்' வந்தது. நாரிழைத் துணியில் பிசின் தோய்த்த பட்டை அது. ஈரமாகச் சுற்றிவிட்டால் சூட்டில் கல் போல ஆகிவிடும். பழைய காலத்துப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலுக்குக் கேடு என்று தெரிந்த பிறகு கண்ணாடி இழைக்கு மாறினார்கள்.

டப்பாவிலும் ஒரு நுட்பம் உண்டு. தகர டப்பா என்பது ஈயம்... இல்லை, வெள்ளீயம் பூசிய இரும்பு. அது சூட்டைத் தாங்கும். 1959ல் கூர்ஸ் நிறுவனம் அலுமினிய பீர் டப்பாவைக் கொண்டு வந்தது. மற்றவர்களும் பின்பற்றினார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். வண்டியின் பின்பகுதியில் அதைச் சுற்றினால் கொஞ்ச நாள் ஓடும். இஞ்சினை ஒட்டிய இடத்தில் சுற்றினால் நிற்காது. பானம் குடித்த டப்பா உதவாது, சூப் டப்பாதான் சரி என்று கார்க்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

உப்பும் உத்தரவாதமும்

பனி விழும் நாடுகளில் சாலை உறைந்தால் வண்டிகள் சறுக்கும். உப்பைத் தூவினால் பனி உருகும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938ல் இதைச் சோதித்துப் பார்த்தது. போருக்குப் பின் மற்ற மாநிலங்களும் டன் டன்னாக உப்பைக் கொட்ட ஆரம்பித்தன. சறுக்கல் குறைந்தது. ஆனால் உப்புக் கரைசல் காரின் அடிப்பாகத்தில் தெறித்து, குழாயையும் தரைத் தகட்டையும் அரித்தது. புகைக்குழாய் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருளாகிவிட்டது.

இதில் ஒரு வியாபாரம் இருப்பதைக் கண்டவர் சிகாகோவின் நேட் ஷெர்மன். 1956ல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் முதல் 'மைடாஸ்' மஃப்ளர் கடை திறந்தது. வண்டி உங்களிடம் இருக்கும் வரை மஃப்ளருக்கு உத்தரவாதம் என்று அறிவித்தார்கள். ஓட்டை விழுந்தால் இலவசமாக வேறு கிடைக்கும்! கணக்கு நஷ்டமாகத் தெரிகிறதா? இல்லை. அந்த நாளில் அமெரிக்கர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காரை விற்றுவிட்டு வேறு வாங்கினார்கள். கார் கைமாறினால் உத்தரவாதம் முடிந்தது. அப்படியே திரும்பி வந்தாலும் மஃப்ளர்தான் இலவசம். அதோடு சேர்ந்து அரித்துப்போன குழாய்க்கும் கிளாம்புக்கும் காசு தனி.

அதே 1956ல் அமெரிக்க மாநிலங்களை இணைக்கும் மாபெரும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் நிறைவேறியது. சாலைகள் பெருகின, கார்கள் பெருகின, மஃப்ளர் கடைகளும் பெருகின. 1972ல் ஹூஸ்டனில் சாம் மைனிக்கி தள்ளுபடி விலை மஃப்ளர் கடையை ஆரம்பித்தார். அதற்கு முந்தைய ஆண்டே பிரிட்டனில் டாம் ஃபார்மர் எடின்பரோவில் 'குவிக்-ஃபிட்' நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். டயரும் புகைக்குழாயும் மாற்றியே வளர்ந்த அந்த நிறுவனத்தை 1999ல் ஃபோர்டு சுமார் 100 கோடி பவுண்டுக்கு வாங்கியது. துருவில் எவ்வளவு பணம் இருந்திருக்கிறது பாருங்கள்!

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இன்றும் சில இடங்களில் இரண்டு மாடி உயரத்துக்கு ஃபைபர்கிளாஸ் மனிதர்கள் நிற்கிறார்கள். 1960களில் கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் செய்யப்பட்டவை. முதலில் செய்தது கையில் கோடாரி பிடித்த மரவெட்டி உருவம். பல கடைக்காரர்கள் கோடாரிக்குப் பதில் ஒரு மஃப்ளரைக் கொடுத்து நிறுத்தியதால் எல்லாச் சிலைகளுக்குமே 'மஃப்ளர் மனிதர்கள்' என்று பெயர் வந்துவிட்டது.

ஆனால் மஃப்ளர் கடைக்குப் போகக் காசில்லாதவர்கள் எப்போதும் இருந்தார்கள். மூன்றாம் கை, நான்காம் கை மாறிய காரை வைத்திருப்பவர்கள், மாணவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள். காரின் விலையில் பாதியைக் கேட்கும் புகைக்குழாயை அவர்கள் எப்படி மாற்றுவார்கள்? அவர்களிடம் தகர டப்பா உயிரோடு இருந்தது. 1969ல் ஜான் முயிர் என்ற முன்னாள் விமான நிறுவனப் பொறியாளர், ஒன்றுமே தெரியாதவர்களும் ஃபோக்ஸ்வாகன் காரைப் பழுது பார்க்கும்படி ஒரு கையேடு எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. அப்படி ஒரு புத்தகத்துக்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதை அந்த விற்பனை காட்டுகிறது.

மணமில்லாத விஷம்

இனி அந்த வாயுவைப் பற்றி.

பெட்ரோல் முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆள் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், தூக்கம். தூங்கினால் எழுந்திருக்க முடியாது. இந்த வாயு ரத்தத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை 1850களிலேயே பிரான்சின் கிளாட் பெர்னார்டு விளக்கினார். 1895ல் பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன் தானே இதைச் சுவாசித்துப் பார்த்து விளைவுகளைக் குறித்தார்! சுரங்கத்துக்குள் சிறு பறவையைக் கொண்டுபோனால் அது மனிதருக்கு முன்பே மயங்கி எச்சரிக்கும் என்ற யோசனையும் அவருடையதுதான். பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகள் இந்த வேலையைச் செய்தன.

கார்ப் புகையில் இந்த வாயு எவ்வளவு ஆபத்து என்பது நியூயார்க்கில் ஹாலண்ட் சுரங்கப்பாதையைக் கட்டும்போது பெரிய கேள்வியானது. ஆற்றுக்கு அடியில் சுமார் 2.6 கிலோமீட்டர் தூரம் ஆயிரக்கணக்கான கார்கள் போக வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டல் ஹெண்டர்சன் குழுவினர், மனிதர் எவ்வளவு வரை தாங்குவார் என்று தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார்கள். 1927ல் அந்தப் பாதை திறக்கப்பட்டபோது காற்றை மாற்றுவதற்கு மட்டும் 84 மின்விசிறிகள் இருந்தன.

சுரங்கப்பாதைக்கு 84 விசிறிகள். ஓட்டைப் புகைக்குழாய் உள்ள காருக்கு?

காரின் அடியில் கசியும் புகை எப்படி உள்ளே வருகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. உப்பு அரித்தது குழாயை மட்டுமல்ல, தரைத் தகட்டையும்தான். மிதிகளும் ஒயர்களும் போகிற துளைகள் இருக்கின்றன. டிக்கியின் ரப்பர் கிழிந்திருக்கும். ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை சுழன்று திரும்பவும் காருக்குள்ளேயே இழுக்கப்படும். பனிக்காலத்தில் கண்ணாடிகளை இறுக மூடியிருப்பார்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கதை இன்னும் விசேஷம். அதன் இஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, காற்று. 1960களில் வந்த பீட்டில்களில் சூடான புகைக்குழாயைச் சுற்றி ஒரு கூடு அமைத்து, அதன் வழியே வரும் வெதுவெதுப்பான காற்றைத்தான் ஹீட்டராக உள்ளே விட்டார்கள். நல்ல சிக்கனமான ஏற்பாடு. ஆனால் கூட்டுக்குள் இருக்கும் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், ஹீட்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விஷவாயு நேராக முகத்துக்கு வரும். சத்தமும் பெரிதாகக் கேட்காது, ஏனென்றால் கூடு அதை மறைத்துவிடும்.

புதுக்கார்களிலும் இந்தச் சிக்கல் வந்தது. 1969ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 50 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, அதற்குச் சொல்லப்பட்ட இரண்டு காரணங்களில் ஒன்று புகை காருக்குள் நுழையலாம் என்பது. 1978 பிப்ரவரியில் பாஸ்டன் பகுதியில் பெரும் பனிப்புயல் அடித்தது. 128ஆம் எண் சாலையில் 3000க்கும் மேற்பட்ட கார்கள் சிக்கிக்கொண்டன. குளிருக்கு இஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பலர், குழாயின் வாயைப் பனி அடைத்ததால் உயிரிழந்தார்கள். அந்தக் கார்களின் குழாயில் ஓட்டை விழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. புகை போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

தகர டப்பா வைத்தியத்தின் நல்லதும் கெட்டதும் இங்கேதான் பிரிகிறது. பின் பம்பருக்குப் பக்கத்தில் சைலன்சரின் கடைசி முனையில் இருக்கும் சிறு ஓட்டையை டப்பாவால் சுற்றினால், அது கொஞ்சம் கசிந்தாலும் பெரும்பாலும் வெளிக்காற்றில் கலந்துவிடும். ஓட்டை இருக்கைக்கு அடியிலோ இஞ்சினை ஒட்டியோ இருந்தால் கதை வேறு. அங்கே அழுத்தமும் சூடும் அதிகம். டப்பாவும் பட்டியும் சத்தத்தைப் பாதியாகக் குறைக்கும். கசிவு மட்டும் நிற்காது. ஓட்டுபவரோ சத்தம் நின்றதால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார். உடைந்த குழாயின் உறுமல் ஒரு தொல்லைதான். ஆனால் மணமில்லாத வாயு வருகிறது என்று அந்தக் காரில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அந்த இடங்களில் வெல்டிங் வைப்பதோ குழாய்த் துண்டை மாற்றுவதோதான் சரி. அதிலும் சிக்கனம் உண்டு. முழுக் குழாயையும் மாற்றாமல், கெட்ட துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டை வெல்டிங் வைக்கும் சிறு பட்டறைகள் எல்லா ஊரிலும் இருந்தன. நேர்க்குழாயை வேண்டிய கோணத்துக்கு வளைத்துத் தரும் இயந்திரம் வந்த பிறகு, ஒவ்வொரு காருக்கும் தனித்தனிக் குழாய் வாங்கி அடுக்க வேண்டிய தேவை கூட அவர்களுக்கு இல்லாமல் போனது.

1975க்குப் பிறகு

1970ல் அமெரிக்கா காற்று மாசு பற்றிய கடுமையான சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் விளைவாக 1975 மாடல் கார்களில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில் 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்' ஏறியது. பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற பாகம் அது. கார்பன் மோனாக்சைடை அது கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். ஈயம் பட்டால் அது கெட்டுவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. ஈயம் போனதோடு, அதற்குத் துணையாகக் கலந்த புரோமின், குளோரின் சேர்மங்களும் போயின. குழாயை அரித்த ஒரு எதிரி ஒழிந்தது!

கன்வெர்ட்டர் பல்லாயிரம் மைல் உழைக்க வேண்டும் என்று சட்டம் கேட்டதால், அதைத் தாங்கும் குழாயும் உழைக்க வேண்டியதாயிற்று. சுமார் 11 சதவீதம் குரோமியம் கலந்த மலிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை ஒன்று 1960களிலேயே புகைக்குழாய்க்கென்று உருவாகியிருந்தது. வீட்டு எவர்சில்வர் பாத்திரம் போலப் பளபளக்காது, ஆனால் சாதாரண இரும்பை விடப் பல மடங்கு தாங்கும். 1990களில் புதுக்கார்களில் இதுவே வழக்கமானது. சில ஆண்டுகளில் ஓட்டையான குழாய் பத்து ஆண்டுக்கு மேல் நிற்க ஆரம்பித்தது.

மஃப்ளர் கடைகள் என்ன செய்தன? பிரேக், டயர், ஆயில் மாற்றுதல் என்று வேறு வேலைக்குப் போயின. 'மன்ரோ மஃப்ளர் பிரேக்' என்ற பெரிய நிறுவனம் 2017ல் தன் பெயரிலிருந்தே மஃப்ளரை எடுத்துவிட்டது.

தகர டப்பாவுக்கும் கஷ்டகாலம் வந்தது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருக்கிறது. அதற்கு முந்திய பகுதியில் சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு சென்சார் தவறாகக் கணக்கிடும். கணினி கூடுதல் பெட்ரோலை விடும். 1996 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான கண்டறியும் கருவி உடனே விளக்கைப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். காதுக்குக் கேட்காத ஓட்டையும் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000ல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. இங்கே சாலையில் உப்புத் தூவும் வழக்கம் இல்லை. ஆனால் மழைநீரும் கடற்கரைக் காற்றும் பள்ளம் மேடும் அந்த வேலையைச் செய்கின்றன. கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டுப் போடும் கைகளும் இங்கே குறையவில்லை.

கன்வெர்ட்டர் வந்த பிறகு ஆபத்து தீர்ந்துவிட்டதா என்றால், குறைந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். கன்வெர்ட்டர் சூடாகும் வரை வேலை செய்யாது. அதற்கு முந்திய பகுதியில் குழாய் உடைந்தால் சுத்தமாகாத புகைதான் வெளியேறும். காருக்குள் புகை வாடையோ, போகப்போகத் தலைவலியோ, இறங்கியதும் சரியாகிவிடும் மயக்கமோ இருந்தால் கண்ணாடிகளைத் திறந்து, வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். அந்த வண்டிக்கு டப்பா வைத்தியம் கூடாது.

நூறு ரூபாயில் முடிகிற வேலைக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதில் தப்பும் இல்லை. தகர டப்பா எத்தனையோ குடும்பங்களை வேலைக்கும் மருத்துவமனைக்கும் கொண்டு சேர்த்திருக்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கிற ஐந்து நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்காமல் இருந்தால் சரி!